குளிருது மலை... கொதிக்குது லேப்டாப்!

உங்க லேப்டாப்புக்கு என்ன வயசு பாஸ்? அஞ்சு? எட்டு? பத்தைத் தாண்டிடுச்சா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். போன மாசம்தான் புதுசு வாங்கினேன்னு பெருமை பேசுற நண்பர்கள் தாராளமா அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நாலு வருஷம் கழிச்சு நீங்களும் இங்கேதான் வரணும், அதையும் சொல்லிடறேன்!

அறிகுறிகள் உங்களுக்கே தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திறப்பீங்க. ஃபேன் பழைய மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பிக்கும். ஒரு எழுத்தைத் தட்டினா அது யோசிச்சு யோசிச்சுத் திரையில வரும். கீபோர்டோட ஒரு பக்கம் தோசைக்கல் மாதிரி சுடும். அப்புறம் எந்த முன்னறிவிப்பும் இல்லாம ‘டப்’னு அணைஞ்சிடும். சேவ் பண்ணாத பதினெட்டு பக்கம் அம்பேல்!

உடனே ஹாஸ்டல் ரூம்ல இருக்கிற எல்லாரும் டாக்டர் ஆயிடுவாங்க. “ப்ராசஸர் போச்சு மச்சி. வயசாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு.” நான் சொல்ல வர்றது இதுக்கு நேர் எதிரான ஒரே ஒரு விஷயம்தான். பெரும்பாலும் ப்ராசஸருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அதோட சூடு வெளியே போற வழிதான் அடைபட்டிருக்கும். வழியைத் திறந்து விட்டா, அந்தப் பழைய மெஷின் இன்னும் சில வருஷம் உங்களுக்கு உழைக்கும்.

இஸ்திரிப் பெட்டியே தோத்துடும்!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை.

2008 வாக்கில் வந்த கோர் 2 டூவோ ரக லேப்டாப் ப்ராசஸர்களை எடுத்துக்குங்க. உள்ளே இருக்கிற சிலிக்கான் சில்லோட பரப்பு 107 சதுர மில்லிமீட்டர். அதாவது உங்க விரல் நகம் அளவு. முழு வேகத்தில் ஓடும்போது அது வெளியேற்றும் வெப்பம் 35 வாட் வரை. இப்போ வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு வாங்க. 1000 வாட், அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். ப்ராசஸருக்கு இதே கணக்குப் போட்டா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 33 வாட்! சட்டையைத் தேய்க்கிற பெட்டியை விட ஆறு மடங்குக்கு மேல் நெருக்கமான சூடு, உங்க மடியில உட்கார்ந்து எக்ஸெல் ஷீட் போட்டுக்கிட்டு இருக்கு.

அப்படியும் அது ஏன் எரிஞ்சு போகலை? சூட்டை வாங்கி வாங்கிக் கைமாத்தி விடுற ஒரு சங்கிலி உள்ளே இருக்கு. சில்லு மேல மெல்லிசா ஒரு பசை, அதான் தெர்மல் பேஸ்ட். அதுக்கு மேல செம்புத் தகடு. தகட்டிலிருந்து கிளம்பும் தட்டையான செம்புக் குழாய். அந்தக் குழாய்க்குள்ள கொஞ்சூண்டு திரவம் ஆவியாகி, மறுமுனையில குளிர்ந்து, திரும்பி வந்துக்கிட்டே இருக்கும். மறுமுனையில சீப்புப் பல் மாதிரி நெருக்கமான தகடுகள். அந்தப் பல்லிடுக்கு வழியா ஃபேன் காத்தை ஊதி, சூட்டை வெளியே தள்ளும். இதுல எந்தக் கண்ணி பழுதானாலும் சூடு உள்ளேயே தேங்கிடும்.

அப்போ ப்ராசஸர் என்ன பண்ணும்? மாடலைப் பொறுத்து 90 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு எல்லை வச்சிருக்காங்க. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அதுக்கும் அடங்கலைன்னா மெஷினே அணைஞ்சிடும். ஆக, உங்க லேப்டாப் மந்தமா இருக்கிறது முதுமை இல்லைங்க, தற்காப்பு! மூச்சு வாங்குறவன் ஓட்டத்தை விட்டு நடக்கிறானே, அதே கதைதான்.

அக்காவிடமிருந்து வந்த சீதனம்

என் கதைக்கு வர்றேன். 2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கினது உங்களில் பலருக்குத் தெரியும். எத்தனையோ வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். எங்க வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. அக்கா ப்ளஸ் டூவில் வாங்கி, காலேஜ் முடிச்சு, கல்யாணம் பண்ணிப் போறப்போ, நகையை எல்லாம் எடுத்துக்கிட்டு லேப்டாப்பை மட்டும் எனக்கு விட்டுட்டுப் போனா. நான் அதைத் தூக்கிக்கிட்டுக் கொடைக்கானலுக்குப் படிக்க வந்தேன்.

ரெண்டாவது செமஸ்டர்ல மேலே சொன்ன அத்தனை அறிகுறியும் வந்தாச்சு. லீவுக்கு ஊருக்குப் போனப்போ மலையடிவாரத்துல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் கீபோர்டு மேல உள்ளங்கையை வச்சுப் பார்த்தார். “ப்ராசஸர் போச்சும்மா. போர்டோட மாத்தணும். ஏழாயிரம் ஆகும்”னார். எங்க அப்பாவுக்கு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் வேலை. மல்லிகை விலை ஏறுற நாள்லகூட ஏழாயிரம்ங்கிறது எங்க வீட்டில் சும்மா எடுத்து நீட்டுற தொகை இல்லை. வாயைத் திறக்காம லேப்டாப்பைப் பையில போட்டுக்கிட்டு மறுபடி பஸ் ஏறிட்டேன்.

ஹாஸ்டல்ல பிஸிக்ஸ் படிச்ச ஒரு சீனியர் அக்காகிட்ட விஷயத்தைச் சொன்னேன்.

“போர்டு போச்சுன்னு திறந்து பாத்தா சொன்னாரு?”

“இல்லக்கா. கை வச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு.”

“கை வச்சுப் பாத்தா காய்ச்சல்னு சொல்லலாம்டி. எதனால காய்ச்சல்னு சொல்ல முடியுமா? போ, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வா.”

அன்னிக்கு ராத்திரி எட்டு பேர் சுத்தி நிக்க, ஆபரேஷன் நடந்தது. ஃபேனைக் கழட்டினதும் எல்லாருக்கும் ‘ஐயே’! அந்தச் சீப்புப் பல்லை மறைச்சு, முழு நீளத்துக்கு ஒரு பஞ்சுப் பட்டை. தூசியும் நூலும் சேர்ந்து நெய்த மாதிரி, பிடிச்சு இழுத்தா ஒரே துண்டா வந்தது. நிறம்கூட எங்க ஹாஸ்டல் கம்பளியோட அதே மெரூன்! சில்லு மேல இருந்த பேஸ்ட் காய்ஞ்சு, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சுத்தம் பண்ணி, புதுப் பேஸ்ட் வச்சு மூடினோம். 94 டிகிரி காட்டிக்கிட்டு இருந்த மெஷின், அதே வேலைக்கு 71 காட்டினது. செலவு? பேஸ்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட் காசு.

மலைக்காத்து தர்ற தள்ளுபடியும் பிடிக்கிற வட்டியும்

“கொடைக்கானல் குளிர்ல எப்படிங்க லேப்டாப் சூடாகும்?”னு கேட்கிறீங்களா? நியாயமான கேள்வி. அந்த சீனியர் அக்கா சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன்.

வத்தலக்குண்டுல வாங்கின சிப்ஸ் பாக்கெட், பஸ் பெருமாள்மலை வர்றதுக்குள்ள பலூன் மாதிரி உப்பியிருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? மேலே போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையறதால வர்ற உப்பல் அது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 93-லேயே கொதிச்சிடும். குக்கர் இல்லாம பருப்பு வேக வைக்கிறதுக்குள்ள பொறுமை போயிடுதே, அதுக்கு இதுதான் காரணம். காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தில் இருக்கிறதில் சுமார் 80 சதவீதம்தான்.

லேப்டாப் ஃபேனுக்கு இதெல்லாம் தெரியாது. அது நிமிஷத்துக்கு அதே சுத்து சுத்தி, அதே கனஅளவு காத்தைத்தான் தள்ளும். ஆனா அந்தக் காத்தில் சரக்கு அஞ்சில் ஒரு பங்கு கம்மி. சூட்டைச் சுமந்துட்டுப் போக ஆள் குறைவு!

தோராயமா ஒரு கணக்குப் போடுவோம். மதுரையில் 36 டிகிரி அறையில் ஓடுற ப்ராசஸர், அறையை விட 50 டிகிரி கூடுதலா, 86-ல் நிக்குதுன்னு வைங்க. அதைக் கொடைக்கானலில் 16 டிகிரி அறைக்குக் கொண்டு வந்தா 66-க்கு இறங்கணும். இறங்காது. மெலிஞ்ச காத்தால அந்த 50 டிகிரி இடைவெளி 60 பக்கம் போயிடும். 76-ல் வந்து நிக்கும். மலை 20 டிகிரி தள்ளுபடி கொடுக்குது, அதுல பாதியைக் காத்து வட்டியாப் பிடிச்சுக்குது.

இன்னொரு சங்கதி. பல லேப்டாப்களின் கையேட்டில், இயக்கக்கூடிய உயர எல்லைன்னு 3,048 மீட்டர், அதாவது 10,000 அடின்னு போட்டிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் அதே மாதிரி எல்லை உண்டு. ஏன்னா அதுக்குள்ள சுத்துற தட்டு மேல படிக்கிற முனை, ஒரு மெல்லிசான காத்து மெத்தையில்தான் மிதக்குது. கொடைக்கானல் எல்லைக்குள்ளதான் இருக்கு, கவலை வேண்டாம்.

மிச்சமிருக்கிற தள்ளுபடியையும் காலி பண்ற வில்லன் யார் தெரியுமா? கம்பளி! டிசம்பர் ராத்திரியில் போர்வைக்குள்ள லேப்டாப்பை வச்சுப் படம் பார்க்கிற சுகம் இருக்கே... ஆனா பெரும்பாலான லேப்டாப்கள் மூச்சை உள்ளிழுக்கிற ஓட்டை அடிப்பக்கம்தான் இருக்கு. அதைக் கம்பளி மேல வச்சா மூக்கைப் பொத்தின மாதிரி. கம்பளி நூல் வேற உள்ளே போய்ப் பட்டை கட்டும்.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல அளந்து பாருங்க. விண்டோஸுக்கு கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் மாதிரி இலவச புரோகிராம்கள் இருக்கு. லினக்ஸ்ல எல்எம் சென்சார்ஸ் இருக்கு. சும்மா இருக்கும்போது 40 முதல் 55, வேலை செய்யும்போது 70 முதல் 85 டிகிரின்னா பழைய லேப்டாப்புக்கு அது சகஜம். 90-ஐத் தாண்டி நின்னா வைத்தியம் தேவை.

ரெண்டாவது, காசே செலவில்லாத வழி. கட்டில், மடி, தலையணை எல்லாத்துக்கும் டாட்டா. பலகை, பரீட்சை அட்டை, மேஜைன்னு கெட்டியான இடத்தில் வைங்க. பின்பக்கம் ரெண்டு தண்ணி பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்தா, கீழே காத்துக்கு வழி கிடைக்கும்.

மூணாவது, வேகத்துக்குக் கடிவாளம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட், கடைசியா மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட். 100-ஐ 80 ஆக்குங்க. ‘ஐயோ, வேகம் போயிடுமே’ன்னு பதறாதீங்க. ப்ராசஸர் இழுக்கிற மின்சாரம் வேகத்தைப் பொறுத்தது மட்டுமில்லை, வோல்டேஜின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் 20 சதவீதம் குறைஞ்சு, கூடவே வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா, சூடு சுமார் 35 சதவீதம் குறையும். கொதிச்சுக் கொதிச்சு நின்னு போற நூறை விட, சீரா ஓடுற எண்பது மேல்.

நாலாவது, ஆபரேஷன். பவர் ஒயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டின பிறகுதான் கை வைக்கணும். பேட்டரி உள்ளேயே இருக்கிற மாடல்னா, திறந்ததும் முதல் வேலையா அதோட இணைப்பை எடுக்கணும். கொடைக்கானல்வாசிகளுக்கு ஒரு ஸ்பெஷல் டிப்ஸ்: ஸ்வெட்டரைக் கழட்டி வச்சுட்டு உட்காருங்க. கம்பளி உரசலில் வர்ற நிலைமின்சாரம் போர்டில் இருக்கிற சில்லுகளுக்கு ஆகாது. ஒரு பேப்பரில் லேப்டாப் படம் வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே டேப் போட்டு ஒட்டுங்க. இல்லேன்னா மூடும்போது மூணு ஸ்க்ரூ மிஞ்சும்! ஃபேன் இறக்கையைப் பல் குத்துற குச்சியால அசையாம பிடிச்சுக்கிட்டுத் தூசியை ஊதுங்க. பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, ஒரு அரிசி அளவு புதுசு வைங்க. ‘நிறைய வச்சா நிறையக் குளிரும்’னு இட்லிக்குச் சட்னி ஊத்துற மாதிரி ஊத்தாதீங்க. பக்கத்தில் ரப்பர் மாதிரி திண்டு ஒட்டியிருந்தா அதை அப்படியே விட்டுடுங்க. ஸ்க்ரூவைப் பெருக்கல் குறி மாதிரி மூலைக்கு மூலை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க.

கை நடுங்குதா? கடைக்கே போங்க, தப்பில்லை. ஆனா “என்னாச்சுன்னு பாருங்க”ன்னு சொல்லாதீங்க. “தூசி எடுத்துட்டு, பேஸ்ட் மாத்திக் கொடுங்க”ன்னு கேளுங்க. முடிஞ்சா முன்னால உட்கார்ந்து பாருங்க. அதுக்கப்புறமும் சூடு குறையலைன்னா ஃபேன் தேய்ஞ்சிருக்கலாம். போர்டைப் பத்திப் பேசுறது எல்லாத்துக்கும் கடைசியில்.

செய்யக் கூடாதது ஒண்ணு: ‘வெளியே பனி கொட்டுதே, ஜன்னல்ல வச்சா குளிர்ந்திடும்’ங்கிற ஐடியா. ஃப்ரிட்ஜும் வேண்டாம். நல்லாக் குளிர்ந்த லேப்டாப்பை ஆளும் வெந்நீர் ஆவியும் நிறைஞ்ச அறைக்குள்ள கொண்டு வந்தா, கூல் டிரிங்க்ஸ் பாட்டில் மேல வியர்க்கிற மாதிரி உள்ளே இருக்கிற போர்டும் வியர்க்கும். குளிர்ல இருந்து எடுத்து வந்தா, ஒரு மணி நேரம் சும்மா விட்டுட்டு ஆன் பண்ணுங்க. பேட்டரி உப்பியிருந்தா மட்டும் எந்த வைத்தியமும் வேண்டாம். உடனே நிறுத்தி, மாத்திடுங்க.

இவ்வளவு மெனக்கெடணுமா?

இதுக்கு நான் சொல்ற காரணம் ஏழாயிரம் ரூபாய் மட்டும் இல்லை.

இதே கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. சூட்டை அளக்கிற கருவி செய்த இடம். 1983-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து பெயர்த்துக் கொண்டு வரப்பட்டு, பிற்பாடு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் மக்கள் அம்பலப்படுத்தினாங்க. அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. அதுக்குக் கீழேதான் பாம்பார் சோலைக் காடு. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தரப்போடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். பதினஞ்சு வருஷப் போராட்டம்! 2015-ல் சோபியா அஷ்ரப் பாடின ராப் பாட்டு மூலமா நம்மில் பலருக்கு இந்த விஷயமே தெரிய வந்தது.

இதுக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம்? 2010-க்கு முன்னாடி வந்த பல லேப்டாப்களின் திரைக்குப் பின்னால ஊசி மாதிரி மெல்லிசா ஒரு குழல் விளக்கு இருக்கும். அதுக்குள்ள சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு. ஒரு லேப்டாப்பில் இருக்கிறது அற்பம்தான். ஆனா பழைய இரும்புக் கடையில் சேர்ந்து உடைபடுறது ஒண்ணு ரெண்டு இல்லையே. 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சு போச்சு. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஏத்துக்கிறதில்லை. நல்லா ஓடுற எத்தனையோ மெஷின்கள் ‘பழசு’ன்னு ஓரங்கட்டப்படுற நேரம் இது. அதில் லேசான லினக்ஸ் ஒண்ணைப் போட்டா, டைப் அடிக்க, படிக்க, புரோகிராம் எழுத இன்னும் தாராளமா உழைக்கும். வேலையும் இலகு, சூடும் கம்மி.

நிஜமாவே ஆயுசு முடிஞ்சிருந்தா, குப்பையிலும் பள்ளத்திலும் போடாம, அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு மையத்தில் கொடுங்க. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிற மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு. ஆனா ‘முடிஞ்சு போச்சு’ன்னு தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.

இப்போ ஒரு ஹோம்வொர்க். லேப்டாப்பை ஆஃப் பண்ணி, சூடான காத்து வர்ற ஜன்னலுக்கு நேரா செல்போன் டார்ச்சை அடிங்க. பளபளன்னு உலோகப் பல் தெரிஞ்சா பிழைச்சீங்க. பஞ்சு தெரிஞ்சா... இந்த ஞாயிற்றுக்கிழமை வேற புரோகிராம் எதுவும் வச்சுக்காதீங்க!